நான்தான், வா

எக்ஸ்ரே எடுப்பவர் முப்பது வருஷமாக மனிதர்களிடம் சொன்னதெல்லாம் "மூச்சப் பிடிங்க, அசையாதீங்க" என்பதுதான். யாரையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. வீட்டு நாயைக்கூட மனைவிதான் கூப்பிடுவாள். அவள் இறந்தபின், கதவு திறந்தால் போதும், நாய் அவளைத் தேடித் தெருவில் பாய்ந்துவிடும்.

ஒருநாள் லாரிச் சக்கரத்திலிருந்து அது மயிரிழையில் தப்பியது. கால்நடை மருத்துவரம்மாவிடம் போனார்.

"நீளக் கயிறு கட்டி மைதானத்துல விடுங்க. ஒரே தடவை கூப்பிடுங்க. வரலைன்னா மெதுவா இழுங்க. எவ்வளவு லேட்டா வந்தாலும் திட்டாம, தட்டிக் குடுத்துத் தீனி போடுங்க" என்றார் அவர்.

அன்று மாலை மைதானத்தில் நின்று, மனைவியைப் போலவே "வாடா தங்கம்" என்றார். நாய் சட்டென்று நிமிர்ந்து, அவரைத் தாண்டி அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. யாரும் இல்லை என்றதும் மறுபடி புல்லை முகர்ந்தது.

மறுநாளிலிருந்து, "நான்தான், வா" என்று மட்டும் கூப்பிட்டார். முதலில் இழுக்க வேண்டியிருந்தது. போகப்போகக் கயிறு இறுகுமுன்னே வரத் தொடங்கியது.

மூன்றாம் மாதம் கயிற்றை அவிழ்த்தார். நாய் மைதானத்தின் மறுகோடிக்கு ஓடியது.

"நான்தான், வா."

நாய் திரும்பி அவரையே பார்த்தது. ஓடிவந்து முழங்காலில் முட்டி நின்றது. பையிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் கொடுத்தார்.

வீடு சேரும்வரை அதனிடம் பேசிக்கொண்டே நடந்தார். பேச அவருக்கு வேறு யாரும் இல்லை.