இருமச் சொன்ன டாக்டர்

டாக்டர் பகவதி போய்விட்டார் என்பது எனக்கு டெலிபோனில்தான் தெரிந்தது. வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் திருவனந்தபுரம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்டில் இருந்தேன். அவர் வீட்டு எண்ணிலிருந்து நாகர்கோவிலுக்கு அவசர அழைப்பு கேட்டார் அவருடைய தம்பி. லைன் சரியாகக் கிடைத்ததா என்று கேட்டுப் பார்த்தபோது, "அக்கா போயிட்டா" என்ற குரல் காதில் விழுந்தது. அடுத்த இரண்டு அழைப்புகளை ஊர் மாற்றிப் போட்டேன். சூப்பர்வைசர் திட்டினார். திட்டட்டும்.

அவரைத் தெரிந்தவர்கள் அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் சொல்லப்போவது வேறு. கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு, இருமினாலும் சிரித்தாலும் எனக்கு மூத்திரம் கசியும். நாற்காலியில் துணி விரித்து வேலை பார்த்தேன். ஒருநாள் நாற்காலி நனைந்ததைப் பக்கத்து சீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அன்றே ராஜினாமா எழுதிப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"ஏட்டி, வேலையை விடுறதுக்கு இது ஒரு காரணமா?" என்று சத்தம் போட்டார். என் அடிவயிற்றுத் தசையின் உறையிலிருந்தே ஒரு பட்டையை வெட்டியெடுத்து, மூத்திரக் குழாய்க்கு அடியில் தூளி மாதிரி கட்டிவிடலாம் என்றார். "இறுக்கினா மூத்திரம் போகாது. தளர்த்தினா பழைய கதைதான். பதம் எதுன்னு உன் இருமல்தான் சொல்லணும், கேட்டியா."

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, நினைவு இருந்தது. மூத்திரப்பையில் தண்ணீர் நிரப்பிவிட்டு, முடிச்சை முடிப்பதற்கு முன், "ஒண்ணு இருமு" என்றார். இருமினேன். "கசியல்ல, முடிச்சிரலாம்" என்றார் உதவி டாக்டர். டாக்டர் பகவதி முடிச்சைப் போடவில்லை.

"இது இருமலா? சபையில தொண்டையைக் கனைக்க மாதிரி இருக்கு."

நான் ஏமாற்றவில்லை. ஆறு வருஷமாக இருமலை விழுங்கிப் பழகியவளுக்கு வேறு விதமாக இருமத் தெரியவில்லை. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்த ஆண் டாக்டர் வேறு நின்றிருந்தார். "இத்தனை பேர் முன்னால முடியாது டாக்டர்" என்றேன்.

"நீ பொய்யா இருமினா நான் முடிச்சும் பொய்யாத்தான் போடுவேன். எக்ஸ்சேஞ்சில நெஜ இருமல் வரும்போது நான் பக்கத்தில இருக்க மாட்டேன், பாத்துக்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு நெஞ்சே கிழிகிற மாதிரி இருமினேன். "கசிஞ்சு போயிட்டு" என்றாள் நர்ஸ். அவமானத்தில் அழுதேன். "அப்படிச் சொல்லு! இன்னொண்ணு" என்று பட்டையைக் கொஞ்சம் இழுத்தார். அப்போதும் கசிந்தது. மறுபடி இழுத்தார். மூன்றாவது இருமலுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

அத்தோடு முடியவில்லை. மூத்திரம் வடிய வைத்திருந்த ரப்பர் குழாயைச் சில நாள் கழித்து ஒரு காலையில் எடுத்தார்கள். மத்தியானம் வரை ஒரு சொட்டும் இறங்கவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. குழாயை மறுபடி போட்டு வடித்து எடுத்துவிட்டு, தானாகப் போகுமா என்று திரும்பக் காத்திருந்தோம். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் பயம் தெரிந்தது. "நான்தான் கூட இறுக்கிட்டேனோ என்னவோ. அப்படீன்னா நானே திறந்து தளர்த்துவேன். உன் மேல பழி போட மாட்டேன்" என்றார். எந்த டாக்டரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத் தானாகவே மூத்திரம் போயிற்று. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டவர், "ஆங்!" என்று ஒரு கூப்பாடு போட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. ராஜினாமாவை அங்கேயே கிழித்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, உள்ளே ஒரு முடிச்சும், நாலு பேர் நடுவில் எதையும் அடக்காமல் இருக்கிற தைரியமும். நேற்று அவர் வீட்டுக் கூடத்தில் நெஞ்சு குலுங்கக் குலுங்க வாய்விட்டு அழுதேன். முந்தானை மட்டும்தான் நனைந்தது.