கிணற்றுக்குள் ஒரு பரீட்சை

எங்கள் செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும், யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைமேல் பாறையாக மலைகள். கோட்டை கட்டின ராஜாக்களுக்கு அது பெரிய சொத்தாக இருந்திருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் படித்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

காரணம், எங்கள் வகுப்பில் மாட்டியிருந்த இந்தியா படம். நிலக்கரிக்குக் கறுப்பு, இரும்புக்குச் சிவப்பு, தங்கத்துக்கு மஞ்சள் என்று நாடு முழுக்கப் புள்ளி வைத்திருந்தார்கள். பீகார் பக்கம் அம்மை போட்ட மாதிரி நெருக்கமாக இருக்கும். எங்கள் ஜில்லாவுக்கு நெய்வேலிக்கென்று ஒரே ஒரு புள்ளி. செஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காகிதம். நமது நாடு எவ்வளவு வளமான நாடு என்று வாத்தியார் பிரம்பால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் காட்டும்போது, யாரும் பார்க்காத சமயத்தில் செஞ்சியிலும் பென்சிலால் ஒன்று வைத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும்.

ஆனால் அந்த மஞ்சள் புள்ளி எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய புள்ளி. அம்மாவின் தம்பி, என் மாமா, கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஒவ்வொரு சித்திரைக்கும் லீவில் வருவார். முழுக்கைச் சட்டை, டார்ச் லைட், எனக்கு ஒரு பிஸ்கட் டின். அவர் வந்தால் எங்கள் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். பூமிக்குள்ளேயே ரயில் ஓடுமாம். பகலா ராத்திரியா என்று தெரியாதபடி கரண்ட் விளக்கு எரியுமாம். சுவரைத் தடவினால் விரலில் மினுமினுப்பு ஒட்டுமாம். வேலை முடிந்து மேலே வந்ததும் டீயும் ரொட்டியும் தயாராக இருக்குமாம். மாமா தங்கப் பாறைமேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார் என்று என் பங்குக்கு நானும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டுக்குள் படுக்கவே மாட்டார். கயிற்றுக் கட்டிலைத் தெருவுக்கு நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்வார். தூறல் போட்டாலும் உள்ளே வரமாட்டார். "பெரிய எடத்துல பழகினவன், நம்ம குடிசை ஒத்துக்குமா?" என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லுவாள்.

என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், கிணறு வெட்டுகிறவர். பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, சிதறின கல்லைக் கூடையில் மேலே ஏற்றுகிற வேலை. அந்த வருஷம் ஊருக்கு மேற்கே, நயினார் என்று எல்லோரும் கூப்பிடுகிற சமண நிலக்காரர் ஒருவரின் நிலத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். ஆழமாகப் போன பிறகும் பாறை முடிகிற வழியைக் காணோம். தண்ணீர் வராத கிணற்றுக்கு இனிமேல் ஒரு வெடிகூட வாங்குவதில்லை என்று நயினார் கைகழுவிவிட்டார். கிணறு அப்படியே நின்றது, நைனாவின் வேலையும் நின்றது. வீட்டில் ராத்திரிச் சோறு கஞ்சியாகி, கஞ்சி தண்ணீரானது.

எனவே எல்லோர் கண்ணும் அண்ணன்மேல். மீசை அரும்பியிருந்தது, இருக்கிற இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசலில் வைத்திருப்பான். வேலை தேடி வல்லம் போவான், பனமலை போவான், போன வேகத்தில் திரும்பி வருவான். அதுவும் இல்லாவிட்டால் கோட்டை இருக்கிற ராஜகிரி மலைமேல் ஏறி, கோலார் தெரிகிற மாதிரி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பான். அவனைக் கோலாருக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் அம்மா கேட்பதும், மாமா எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பதும் வழக்கம். வயசு பத்தாது, உயரம் பத்தாது, இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை. இப்போது வயசும் ஆகிவிட்டது, வாசல்படியில் தலை இடிக்கிற அளவுக்கு உயரமும் வந்துவிட்டது. போதாக்குறைக்கு அம்மா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று நடந்தே போய் வேண்டிக்கொண்டும் வந்துவிட்டாள்.

மாமா வந்த அன்றைக்கு அண்ணனின் துணிப்பை கட்டித் தயாராக மூலையில் இருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. இன்னொருவன் வந்தால் தங்கத்தில் பங்கு போய்விடுமே என்று மாமாவுக்குக் கவலை. இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது என்று அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே நினைத்தேன்.

சாப்பாடு போடும்போது அம்மா நேராகவே கேட்டாள். "இந்த வருஷம் இன்னா சொல்லப்போற, தம்பி? புள்ளைய இட்டுக்கினு போறியா, இல்லியா?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "இட்டுக்கினு போறேன்க்கா. ஆனா அங்க பரீட்சை வைப்பாங்க. அதை இங்கயே வச்சுப் பாத்துடறேன். தேறலைன்னா கோலாரு பேச்சே எடுக்கக் கூடாது," என்றார்.

பரீட்சை இதுதான். அண்ணன் நயினாரின் கிணற்றில் இறங்கி அடியில் உட்கார வேண்டும். மேலே மூங்கில் போட்டுக் கீற்றும் பாயும் பரப்பிப் பொட்டு வெளிச்சம் இல்லாமல் மூடிவிடுவார்கள். பொழுது சாய்கிறவரைக்கும் உள்ளே இருக்கவேண்டும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு மணிதான் சைகையாம். அதனால் ஒரு மாட்டு மணியைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கீழே விட்டார். முடியவில்லையென்றால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தூக்கிவிடுவார்கள், துணிப்பையைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

இன்றைக்கு நினைத்தால் அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷமாக ரயிலும் ரொட்டியும் மினுமினுப்புமாகச் சொல்லிச் சொல்லி அக்காவைச் சந்தோஷப்படுத்தின வாய் அது. கிணறு சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மலைகள் காய்ந்த தோசைக்கல் போல ஆகிவிடும். நைனா முதலில் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். நின்றுபோன கிணற்றில் யார் இறங்குவதானாலும் அவர் அப்படித்தான் செய்வார். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு அணையாமல் எரிந்தது. அண்ணன் பாறையில் வெட்டிய கால்பிடிகளில் கால் வைத்துக் குரங்குக்குட்டி மாதிரி இறங்கினான். கிணற்றை மூடினார்கள்.

நாங்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். மாமா மட்டும் உட்காரவில்லை. கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிற்பார், காதைக் கொடுப்பார், மறுபடி சுற்றுவார். மணி ஆடவே இல்லை. எங்கேயோ ஆட்டு மணி கேட்டதற்கு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். "மச்சான், உக்காரு. உனக்கா பரீட்சை, அவனுக்கா?" என்று நைனா பீடியை நீட்டினார். மாமா வாங்கிப் பற்றவைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோனார். நானும் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடாதே, ஆடாதே என்று மனசுக்குள் அதற்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன் தோற்றால் அந்த மஞ்சள் புள்ளி எங்கள் கையை விட்டுப் போய்விடும். அம்மா கண்ணை மூடி அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உச்சி சாய்ந்தது. மாமா குனிந்து, "டேய், முடியலைன்னா இழுத்துடுடா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். குரல் மாறிப்போயிருந்தது. அதற்கும் பதில் இல்லை. அவ்வளவுதான், கீற்றையும் பாயையும் பிய்த்து எறிந்துவிட்டு, நைனா பிடிப்பதற்குள் கால்பிடிகளில் காலை வைத்து உள்ளே இறங்கிவிட்டார். கீழே போய்ச் சேருகிறவரைக்கும் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். நாங்கள் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம்.

அண்ணன் துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

மேலே வந்தபோது அவன் கன்னத்தில் கல்லின் தடம் பதிந்திருந்தது. "சொகமா தூங்கிட்டேம்மா. உள்ள இன்னா சில்லுனு இருக்குது தெரியுமா!" என்று சிரித்தான். அம்மா சிரித்தாள், நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கைதட்டினேன். ஊரே வெந்துகொண்டிருந்த நாளில் செஞ்சியிலேயே குளிர்ச்சியான ஒரே இடத்துக்கு மாமா அவனை அனுப்பியிருக்கிறார்! கிணறு வெட்டுகிறவர் வீட்டில் இது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. மாமாவுக்குத்தான் எப்படியோ மறந்துபோய்விட்டது.

மாமா சிரிக்கவில்லை. ஈரத்துணி மாதிரி வேர்த்திருந்தார். "அங்க கீழ போகப் போகச் சூடுடா," என்றார் மெதுவாக. "பாறையே கொதிக்கும். இப்பிடி இருக்காதுடா."

"சொம்மா பயமுறுத்தாத மச்சான். தேறிட்டான்ல, இட்டுக்கினு போ," என்றார் நைனா. பூமிக்கு அடியில் போனால் குளிரும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தோற்றுப்போன ஆத்திரத்தில் மாமா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே அண்ணன் அவரோடு பஸ் ஏறிவிட்டான். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரம் இருந்த மாமா எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த சித்திரையில் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணனுக்கும் முழுக்கைச் சட்டை. பிஸ்கட் டின் பெரியதாகிவிட்டது. தெரு கூடிவிட்டது. இந்த முறை மாமா வாய் திறக்கவில்லை, அண்ணன்தான் சொன்னான். ரயில், கரண்ட் விளக்கு, மினுமினுப்பு, டீ, ரொட்டி. "கொதிக்கும்னு மாமா சொன்னாரே?" என்று நான் கேட்டேன். அண்ணன் மாமாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு என் தலையில் கைவைத்து, "அதெல்லாம் இல்ல பாப்பா. நம்ம கெணறு மாதிரியேதான், சில்லுனு இருக்குது," என்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அன்று ராத்திரி தெருவுக்கு நடுவில் இரண்டு கட்டில்கள் கிடந்தன. அண்ணனும் பெரிய மனுஷனாகிவிட்டான் என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நயினாரின் கிணற்றில் அந்த வருஷம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. நாங்கள் அங்கேதான் இறைத்துக்கொண்டு வருவோம். ஒருநாள் நடுப்பகலில் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிட்டது. அண்ணனை இறங்கி எடுக்கச் சொன்னேன். சட்டை அழுக்காகும் என்றான். கழற்றிவிட்டுப் போ என்றேன். கால் வலிக்கிறது, சாயந்திரம் பார்க்கலாம், போனால் போகிறது வேறு வாளி வாங்கிக்கொள்ளலாம் என்றான். கிணற்றின் பக்கத்தில்கூட வரவில்லை. சம்பளக்காரனாகிவிட்டால் இவ்வளவு சோம்பேறித்தனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவாடையைச் சொருகிக்கொண்டு நானே இறங்கினேன்.

அடியில் போய் நின்றதும் கால் கூசியது. மேலெல்லாம் அடித்த அனல் ஒரு நொடியில் காணாமல் போனது. பாறையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் கடைசியாக அண்ணனின் தலை எட்டிப் பார்த்தது.

"மேல வந்துடு பாப்பா! சீக்கிரம் வா! வாளி போனா போவுது, வந்துடு!"

எதற்கு இந்தக் கத்து கத்துகிறான் என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் பதில் சொல்லாமல், தண்ணீரில் காலை அளைந்துகொண்டு அங்கேயே நின்றேன். வருஷம் முழுக்க இப்படி ஒரு குளிர்ச்சியான இடத்தில் வேலை பார்க்க என் அண்ணன் எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.