பெரியம்மா பெயரில் ஒரு துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த ஒரே பெண் என் பெரியம்மா. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றால் அடுப்பை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறவர் அவர். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக்கூடக் கையை நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பார். அப்பேர்ப்பட்டவர் பெயரில் ஒரு பட்டாளத்துத் துப்பாக்கி இருந்தது என்றால் என் பிள்ளைகள் இன்றைக்கும் நம்புவதில்லை.

எல்லாம் பெரியப்பாவின் ஏற்பாடு. பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். இருந்தவர் என்றால் ஸ்டோரில் இருந்தவர். அரிசி, பருப்பு, சீருடை, கம்பளி எல்லாம் அவர் கைவழியாகப் போயின. துப்பாக்கி மட்டும் பக்கத்து அறையில், வேறு ஒருவர் பொறுப்பில் இருந்ததாம். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் துப்பாக்கி சேர்க்க ஆரம்பித்தார் என்று என் அப்பா சொல்வார், அண்ணன் காதில் விழாதபடி.

பெரியப்பா சொன்ன காரணம் வேறு. பட்டாளத்தில் கழித்துவிட்டு, குழலை மாற்றி, பொதுஜனம் வைத்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்ட வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிகள் அவை. வெளிநாட்டுச் சரக்கு இனி உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டதால், இருப்பதுதான் இருப்பு, விலை ஏறிக்கொண்டே போகும் என்பது அவருடைய கணக்கு. அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பை வெட்டிப் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவுக்கு ஒரு கிரவுண்டாவது வாங்கிப் போட வேண்டும் என்று ஆசை. "மண்ணு எல்லா இடத்துலயும் கீது. இது எங்க கீது சொல்லு?" என்பார் பெரியப்பா. மெட்ராஸில் துப்பாக்கி விற்கிற கடைக்கு வாரம் தவறாமல் போன் போட்டு விலை விசாரிப்பார். ஏறியிருந்தால் அன்றைக்கு முகம் மலர்ந்திருக்கும்.

ஒருவர் லைசென்ஸில் மூன்றுதான் வைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஆனபிறகு நான்காவது ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. பெரியம்மாவின் வளையல்கள் போய், அவர் பெயரில் லைசென்ஸ் வந்தது. செங்கல்பட்டில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது, எதற்குத் துப்பாக்கி என்று கேட்டால் பாதுகாப்புக்கு என்று சொல்லும்படி பெரியப்பா சொல்லிக்கொடுத்துத்தான் அழைத்துப் போனார். பெரியம்மாவும் அப்படியே சொல்லியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி, யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. பெரியம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். "திருடன் பயம் சார், கடலோரத்துல தனி வூடு" என்று பெரியப்பாதான் முந்திக்கொண்டு சமாளித்தாராம். எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரியம்மாவும் கூடச் சிரிப்பார்.

முழுப் பரீட்சை லீவுக்கு நான் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். அம்மா அப்பா இருவருக்கும் கல்பாக்கத்தில் வேலை. பெரியப்பா பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பட்டிபுலம் தாண்டிக் கடல் பக்கமாக இருந்தது வீடு. நான்கு துப்பாக்கிகளும் கூடத்து இரும்பு பீரோவில் நிற்கும். தோட்டா வைத்த தகரப்பெட்டியின் சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் போர்வை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, மரப்பாகத்துக்கு எண்ணெய் பூசித் துடைப்பார். இரும்பில் பொறித்த கிரீடத்தைக் காட்டுவார். ஒன்றின் கட்டையில் யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் இரண்டு எழுத்துக் கீறியிருந்தான். அவன் பர்மாவில் சண்டை போட்டிருப்பான் என்பார் ஒருநாள், ஆப்பிரிக்கா என்பார் இன்னொரு நாள். அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கும்போது, அந்தச் சிப்பாய் பின்னால் வந்து நிற்பதுபோல எனக்கு முதுகு சிலிர்க்கும்.

துடைத்து முடித்ததும் தோளில் வைத்துக் குறி பார்ப்பார். காலண்டர், ஜன்னலில் உட்கார்ந்த காக்கா, காபி எடுத்துக்கொண்டு வரும் பெரியம்மா. 'டிக்' என்று விசையின் சத்தம் வரும். பெரியம்மா டம்ளரை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போய்விடுவார். "காலியா கீதுடி, பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பார் பெரியப்பா. காலியா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும். அந்த 'டிக்' கேட்கும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஆனாலும் என்னை அவர் ஒருமுறைகூடக் குறி பார்த்ததில்லை என்பதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு.

ஞாயிறு மட்டுமல்ல. குழம்பில் உப்புக் கூடினாலோ, பெரியம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டாலோ, பிளாட் பேச்சை எடுத்தாலோ, பெரியப்பா பதில் சொல்ல மாட்டார். எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒன்றை வெளியே எடுத்து, மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வீடு அமைதியாகிவிடும். என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் தெருவே திரண்டுவிடும். பெரியப்பாவைப் பார்த்து அப்பா கற்றுக்கொள்ளக் கூடாதா என்று நான் நினைப்பேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த வருஷ லீவில் தேர்தல் வந்தது. பெரியப்பா முறுக்கிக்கொண்டேதான் போனார், யாரோ அவருடைய பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டதுபோல. மூன்றை வாங்கிக்கொண்டார்கள். நான்காவது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டார். ஐந்தாவதாக ஒன்று விலைக்கு வந்திருந்ததாம்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். "இன்னியோட கடைசிம்மா. சாய்ந்தரத்துக்குள்ள வரலன்னா உன் பேர்ல கேஸ் ஆயிடும்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. பெரியம்மாவை விலங்கு மாட்டி இழுத்துப் போகிற காட்சி கண்ணுக்கு நேரே ஓடியது. பெரியம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டார். செத்த பாம்பைத் தூக்குவதுபோலத் துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கிக் கோரைப்பாயில் வைத்துச் சுருட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டினார். லைசென்ஸ் புத்தகம் மஞ்சப்பையில் போயிற்று. "பாப்பா, எவனாவது கேட்டா பாயின்னு சொல்லு" என்றார்.

பஸ்ஸில் கூட்டம். பெரியம்மா பாயை மடியில் சாய்வாக நிறுத்தி அணைத்துக்கொண்டார். என் பக்கம் சாய்ந்திருந்த முனை துப்பாக்கியின் வாயா, கட்டையா என்று தெரியாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வெடித்துவிடப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, கல்யாணப் பாயா? லக்கேஜ் போடணும்" என்று விரலால் தட்டினார். உள்ளிருந்து 'ணங்' என்று சத்தம் வந்தது. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெரியம்மா சில்லறையை நீட்டினார்.

மாமல்லபுரம் நெருங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தேர்தல் நேரத்துச் சோதனை. இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் ஏறி, பைகளை எல்லாம் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பாய் என்று சொல்ல வேண்டும், பாய் என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் உருப்போட்டேன். அவர் எங்கள் இருக்கைக்கு வந்து நின்றார்.

"இன்னா கீது பாய்க்குள்ள?"

நான் வாயைத் திறக்கும் முன்பு பெரியம்மா சொன்னார்: "துப்பாக்கிங்க."

"இன்னா?"

"துப்பாக்கிங்க. என்னுதுதான்."

பக்கத்தில் நின்றிருந்த மீன்காரம்மா கூடையை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் நகர்ந்தார். போலீஸ்காரர் ஓரடி பின்னால் வைத்தார். "கீழ வை! இல்ல, இல்ல, தொடாத! அப்டியே இரு!" என்று கத்திவிட்டு விசிலை ஊதினார். ஜன்னல் வழியாகக் குதிக்க இரண்டு பேர் பார்த்தார்கள். இப்போது எங்களைச் சுடப்போகிறார்கள் என்று நினைத்துப் பெரியம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஆனால் என் முதுகில் இருந்த பெரியம்மாவின் கை நடுங்கவில்லை. அது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

எஸ்.ஐ. வந்து லைசென்ஸைப் பார்த்தார். அதிலிருந்த போட்டோவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்ல ஆம்பள இல்லியாம்மா?" என்றார். "துப்பாக்கி வாங்கப் போயிருக்காருங்க" என்றார் பெரியம்மா. எஸ்.ஐ.க்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. ஜெயிலில் சாப்பாடு போடுவார்களா என்று நான் ரகசியமாகக் கேட்டதற்குப் பெரியம்மா என் தலையைத் தடவினார்.

ஸ்டேஷனில் ரைட்டர் துப்பாக்கியை வாங்கி, நம்பரைச் சரிபார்த்து, அட்டை கட்டி, சுவரோரம் மற்றவற்றோடு சாய்த்து வைத்தார். ரசீதைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், ஜெயிலும் இல்லை, விலங்கும் இல்லை. எனக்கு உடனே வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. பெரியம்மா நகரவில்லை.

"திருப்பி எப்பங்க வாங்கிக்கணும்?"

"ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆவட்டும். சொல்லி அனுப்புறோம்."

"லேட்டானாலும் பரவால்லீங்க."

"பயப்படாதம்மா. உன் பொருளு எங்கியும் போவாது."

"அதுக்கில்லீங்க. இங்கியே இருந்தாலும் பரவால்லீங்க." ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா ரசீதை மடித்துக்கொண்டே, "அடுத்த எலெக்‌ஷன் எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

"ஏம்மா, இந்த எலெக்‌ஷனே இன்னும் முடியல!" என்று ரைட்டர் உரக்கச் சிரித்தார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு வர வேண்டுமே என்ற கவலையில் கேட்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். காலிப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது பெரியப்பா வந்தார். ஐந்தாவதை வேறு யாரோ அதிக விலை கொடுத்து எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். பெரியம்மா ஸ்டேஷனுக்குப் போய் வந்ததைச் சொன்னார். பெரியப்பா ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளினார். உப்பு. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய் பீரோவைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. எண்ணெய்த் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மோர் ஊத்திக்கினு சாப்புடுங்க, சரியா பூடும்" என்றார் பெரியம்மா. எழுந்திருக்காமல், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பெரியப்பா பீரோவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், மோர் ஊற்றிக்கொண்டார்.

அன்றிரவு பெரியம்மா குறட்டை விட்டார். மற்ற நாட்களில் நான் எப்போது விழித்தாலும் அவர் கண் திறந்தபடி படுத்திருப்பார். காலையில் குறட்டையைச் சொல்லிக் கேலி செய்தேன்.

தேர்தல் முடிந்தது. துப்பாக்கிகள் பீரோவுக்குத் திரும்பி வந்தன. அவற்றின் விலை இன்னும் ஏறியது, பெரியப்பா மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஆனால் அந்த வருஷங்களில் டெல்லியில் எந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. ஒவ்வொருமுறை கவிழும்போதும் தேர்தல் வேலைக்குப் போக வேண்டுமே என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். செய்தி முடிவதற்குள் எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். பட்டிபுலத்திலிருந்து பெரியம்மா பேசுவார். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார். "பாப்பா, தேதி சொல்ட்டாங்களா?" என்பார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பள்ளிக்கூடம் போகாத பெரியம்மாவுக்கு அரசியலில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.