உட்கார்ந்தே உழைத்தவருக்கு ஒரு வரி

செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. கூட்ட அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'உட்கார்ந்திருத்தல்' என்றால் என்ன என்பதுதான் அன்றைய பேச்சு. தங்கையின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. அழைத்தவர் அண்ணன் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். வேலை நேரத்தில் அழைக்கிறவர் இல்லை அவர். வெளியே போய் எடுத்தாள்.

"அம்மா, ராக்கெட்டு... கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"என்னாச்சு?"

"மோட்டார் மேலயே சாஞ்சிருந்தாரும்மா. அசதியில கண்ணை மூடியிருக்காருன்னு நெனச்சுட்டேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு. வந்தவங்க ஏத்தலை."

ஏத்தலை என்ற அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ராக்கெட் என்று அண்ணனுக்குப் பெயர் வைத்தவர்கள் தெருமுனையில் சவாரிக்கு நிற்கும் வண்டிக்காரர்கள். சக்கர நாற்காலியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு தினமும் கடைத்தெரு மேட்டில் ஏறுவார். திரும்பும்போது இறக்கத்தில் கையை விட்டுவிட்டு, "ஒதுங்குங்கப்பா, பிரேக் லீவுல இருக்கு!" என்று கத்திக்கொண்டே வருவார். நாற்பத்து நான்கு வயது ஆள் செய்கிற காரியமா என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். மறுநாளும் அதே கூத்துதான்.

அவருடைய இருபத்து மூன்றாவது வயதில், மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீர் மோட்டார் ஒன்றை இறக்கும்போது கயிறு நழுவி, மோட்டாரோடு சேர்ந்து விழுந்தார். "அதுக்கு ஒரு கீறல் இல்ல, இன்னும் தண்ணி ஏத்திட்டு இருக்கு," என்று அவரே சிரிப்பார். அவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அதன்பின் நான்கு வருஷம் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பெரியப்பா, காதில் விழும் என்று தெரிந்தே, "சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம்," என்றார். அப்போது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

பிறகு நாற்காலி வந்தது, கடை வந்தது, அண்ணி வந்தாள். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை. பழைய செம்புக் கம்பியை உளி வைத்து வெட்டி, கட்டுக்கட்டாக இழுத்துப் பிடுங்க வேண்டும். இரண்டு காலில் நிற்கிறவனுக்கே மூச்சு வாங்குகிற வேலை அது. அண்ணன் மதியத்துக்குள் ஒரு சட்டையைப் பிழிந்து காயப்போட்டு, வேறொன்று மாட்டியிருப்பார். பதினேழு வருஷம் அப்படி ஓடியது. அந்த உழைப்பில்தான் தங்கை கல்லூரி வரைக்கும் படித்தாள்.

படித்து அவள் சேர்ந்தது ஓர் உடல்நல ஆய்வு அலுவலகத்தில். மக்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை. முதல் மாதமே குளறுபடி. உட்கார்ந்து துணி துவைத்த பெண்ணை ஒருவர் 'சும்மா இருந்தார்' என்று எழுதினார். இன்னொருவர் எட்டு மணி நேரத் தூக்கத்தையும் அதில் சேர்த்தார். கடையில் நாள் முழுக்க நின்றே விற்கிறவரை மூன்றாமவர் 'அசையாதவர்' ஆக்கிவிட்டார். ஆளாளுக்கு ஒரு அளவுகோல். அதனால் எல்லாரும் ஒரே பொருளில் எழுதுவதற்கு ஒரு சொற்பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் அதை அவரிடம் வாசித்துக் காட்டுவாள். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவள் எண்ணம்.

"அசைவின்மைன்னா, முழிச்சிருக்கும்போது உட்கார்ந்தோ சாஞ்சோ படுத்தோ, உடம்புல சக்தி ரொம்பக் கம்மியா செலவாகுற நிலை. தூக்கம் இதுல சேராது. உடற்பயிற்சி போதாமைங்கிறது வேற."

"அப்ப காலையில ஒரு மணி நேரம் ஓடிட்டு, சாயங்காலம் வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்காதவன்?"

"அவருக்குப் பயிற்சி போதும். ஆனா அசைவின்மையும் அதிகம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்ணா."

"உங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தானா?"

"நாங்க காலையில ஓடுறதும் இல்ல."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், "சரி ஆபீசரம்மா, நான் எதுல வர்றேன்?" என்றார்.

அசைவை அளக்கும் கருவியை அவருக்கே கட்டிப் பார்த்தாள். தீப்பெட்டியளவுப் பெட்டி, தொடையில் ஒட்டுவது. ஏழு நாள் கழித்துக் கணினி சொன்னது: ஒரு நாளைக்குச் சராசரியாக விழித்திருந்த பதினைந்து மணி நாற்பது நிமிடமும் அசைவின்மை. அந்த வாரத்தில் அவர் மூன்று பெரிய மோட்டார்களுக்குக் காயில் பிடுங்கியிருந்தார்.

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கட்டில்ல கிடந்தேனே நாலு வருஷம், அதையும் அளந்திருந்தா இதேதானே சொல்லியிருக்கும்?"

அவள் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வரி போடச் சொல்லு. உட்கார்ந்து சும்மா இருக்கிறது வேற, உட்கார்ந்து உழைக்கிறது வேற. நீ அந்த இடத்துல இருக்கிறப்ப இது கூட நடக்கலைன்னா எப்படி?"

முதல் கூட்டத்தில் அவள் குறிப்போடுதான் போனாள். அவள் பேச்சை எடுக்குமுன்பே புள்ளியியல்காரர், "சக்கர நாற்காலியில இருக்கிறவங்க எண்ணிக்கை கம்மி, அப்புறம் பார்த்துக்கலாம்," என்று பொதுவாகச் சொன்னார். அவள் குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணன் வாசலிலேயே காத்திருந்தார்.

"போட்டாங்களா?"

"போட்டாச்சுண்ணா."

அடுத்த கூட்டத்தில் பேசி, சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தாள். அந்த அடுத்த கூட்டம்தான் இது. அந்தப் பக்கம் இரண்டேமுக்காலுக்கே புரட்டப்பட்டுவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறதே என்று நினைத்திருந்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன பண்றது, உட்கார்ந்த இடத்துலயே இருந்த உடம்பு. எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார்.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள்.

"யாரு உட்கார்ந்த இடத்துலயே இருந்தது? அவரு பிழிஞ்ச சட்டைய ஒரு நாள் நீங்க பிழிஞ்சிருக்கீங்களா?" தங்கையைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. உங்க ஆபீஸ்ல எழுதியே வச்சிருக்கீங்களே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"ஏம்மா, என்ன?"

"அண்ணி, அந்த வரி இல்ல. போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். அங்க வாயே திறக்கலை நான்."

அண்ணி கழுவி வைத்த டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"கடைக்கு வர்றவங்கள்ல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னாரு. 'எங்களுக்குன்னு தனியா ஒரு வரி, என் தங்கச்சி போட வச்சா'ன்னு. சைக்கிள் கடைக்காரருக்கு அன்னைக்கு டீ, பன்னு எல்லாம்." டம்ளரைத் திருப்பிப் பிடித்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சரி," என்றாள் அண்ணி. டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்ல, சரியில்ல. போய்ப் போடு."

திங்கட்கிழமை அவள் போனாள். திட்டத் தலைவியின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். தலைவி தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"நியாயமான விஷயம். முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்போமே. இதுக்கா இவ்வளவு தயங்குனீங்க?"

புள்ளியியல்காரரைக் கூப்பிட்டார். அவரும், "ஆமா, தொடையில மட்டும் அளந்தா தப்பாத்தான் வரும்," என்றார். மூன்று பேருமாக வாசகத்தை எழுதி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளாலும் தோள்களாலும் உழைக்கும் நேரம் அசைவின்மை ஆகாது. அவர்களுக்குக் கருவியைக் கையில் கட்ட வேண்டும். அவ்வளவுதான். பதினோரு நிமிடம். ஒரு மாதத்துக்கு முன்பு அந்தப் பதினோரு நிமிடத்தைக் கேட்டிருந்தால் அண்ணன் அதைத் தன் கண்ணாலேயே படித்திருப்பார். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"எடுத்துக்காட்டை நீங்களே எழுதுங்க," என்று தலைவி சொல்லியிருந்தார். "உங்களை விட யாருக்குத் தெரியும்?"

எழுத உட்கார்ந்தாள். உளி, செம்புக் கம்பி, கடைத்தெரு மேடு, நனைந்த சட்டை. ஒவ்வொன்றாக எழுதினாள், ஒவ்வொன்றாக அழித்தாள். அச்சுக்கு அனுப்பும் நாள் வந்தது, போனது.

பட்டியல் இப்போது நூற்றிருபது பேர் கையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஏழாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், எடுத்துக்காட்டு எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்றும் இல்லை.