பங்கர்ப் படியில் ஒரு நாய்க்குட்டி

ஒரு நாய்க்குட்டி எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லப் பக்கத்து வளவுக்காரருக்கு என்ன உரிமை என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். அப்போது நெடுநாள் வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பவும் தொடங்கியபோது உடுவிலில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா இல்லை. அண்ணை வெளிநாட்டுக்குப் போய்விட்டார். கரண்ட் இல்லாத ஊரில் களவு கூடியிருந்தது. கிணற்றடி வாளியைக்கூடக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நாய் வளர்த்தே ஆகவேண்டும் என்று அம்மா முடிவு செய்தார்.

குட்டி வருமுன்னரே எல்லாம் ஆயத்தம். பழைய சவர்க்காரப் பெட்டிக்குள் சாக்கு விரித்தாயிற்று. அம்மாவின் நைந்த சேலைக் கரையைக் கிழித்துக் கழுத்துப் பட்டி பின்னினேன். சாப்பாட்டுக்குப் பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தேய்த்து வைத்தேன். தெள்ளுப் பிடிக்காமல் இருக்க வேப்பிலை அவித்த தண்ணீர் வார்க்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார், வார்த்தால் குட்டி செத்துப்போகும் என்று இன்னொருவர் சொன்னார். ஊரில் பாணுக்குப் பஞ்சம், சீனிக்குப் பஞ்சம், புத்திமதிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

குட்டியைக் கொண்டுவந்து தந்தவர், குருநகரிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் விற்க வரும் அக்கா. வெள்ளியும் செவ்வாயும் தவிர மற்ற நாட்களில் எங்கள் படலையடியில் கடகத்தை இறக்குவார். படலைக்கு உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை. நல்ல வாய்க்காரி. விலையைக் குறைக்கச் சொல்லி அம்மா கேட்டால், "கடலுக்கை போய் நேவிக்காரனோடை கதைச்சுப் பாருங்கோ அம்மா, அவன் குறைச்சுத் தருவான்" என்பார். ஒருநாள் மீனுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு மண்ணிறக் குட்டி கிடந்தது.

"கடுவன் குட்டியளை எல்லாம் ஆளாளுக்குக் கொண்டு போயிட்டினம். இது பெட்டையெண்டு ஒருத்தரும் தொடேல்லை. இஞ்சையும் ரெண்டு பெட்டையள்தானே இருக்கிறியள், வச்சிருங்கோ."

மீன் தலை தின்று வளர்ந்த குட்டி. பருப்பும் சோறும் பிசைந்து சிரட்டையில் வைத்தால், மணந்து பார்த்துவிட்டு நான் ஏதோ ஏமாற்றிவிட்டது போல என் முகத்தைப் பார்க்கும். அதைக் கேள்விப்பட்ட பிறகு அக்கா நாலைந்து மீன் தலைகளைச் சும்மா தந்துவிட்டுப் போகத் தொடங்கினார். அந்தத் தலைகளை வைத்துத்தான் பழக்கினேன். அடுப்படிக்குள் வராதே, வேலிக்கு அப்பால் போய் ஒன்றுக்கு இரு, சைக்கிளைத் துரத்தாதே. இந்தக் கடைசிப் பாடம் மட்டும் அதன் மண்டைக்குள் ஏறவேயில்லை.

பக்கத்து வளவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்று, "நாய்க்கு இங்கிலீசிலை சொல்லவேணும், அப்பதான் கேட்கும்" என்றார். நான் தமிழில்தான் சொன்னேன். 'இரு' என்றால் இருந்தது.

இனிப் பங்கர்க் கதைக்கு வருகிறேன். குண்டுக்குப் பதுங்க எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்கர். வேலியைக் கொஞ்சம் பிரித்து, எல்லையில் கிடங்கு வெட்டி, மேலே எங்கள் வளவில் தறித்த பனங்குற்றிகளை அடுக்கி, அதற்கு மேல் மாஸ்டர் வாங்கிய சாக்குகளில் மண் நிரப்பி வைத்தோம். உள்ளே இரண்டு பக்கமும் பலகை. மண் சுவரில் ஒரு மாடம் குடைந்து, மாஸ்டர் வைரவர் படம் ஒன்றை வைத்துத் திருநீறும் வைத்திருந்தார்.

முதல் தடவை ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் இறங்கினேன். மாஸ்டரும் அவருடைய மனைவியும் ஏற்கெனவே உள்ளே. என் மடியில் குட்டியைக் கண்டதும் மாஸ்டர் எழும்பிவிட்டார்.

"பிள்ளை, உது என்ன வேலை? சாமிப் படம் இருக்கிற இடம். உது உள்ளுக்கு இருந்தால் நான் வெளியிலை போறன்."

சொன்னதோடு நிற்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறப் போனார். மேலே ஹெலி சுற்றிக்கொண்டு நிற்கிறது. அவருடைய மனைவி அழத் தொடங்கிவிட்டார். "குட்டியைப் படியிலை விடு பிள்ளை, ஐயோ, கெதியா விடு" என்று அம்மா கெஞ்சினார். விட்டேன். வேறு என்ன செய்ய?

ஹெலி போனபின் கேட்டேன். "மாஸ்டர், உங்கடை படத்திலையும் நாய் நிக்குதே?"

"அது வைரவற்றை வாகனம். இது மீன் கடகத்துக்கை வந்தது."

அவருடைய வளவு மூலையில் வேப்பமரத்தின் கீழே வைரவர் சூலம் இருந்தது. வருசா வருசம் வடைமாலை சாத்துவார். படத்தில் நிற்கிற நாய்க்குச் சந்தனப் பொட்டும் வைப்பார். கடிக்காத, குரைக்காத, பசிக்காத நாய் என்றால் அவருக்கு எந்தத் தீட்டும் இல்லை!

அம்மா சமாதானம் பேசினார். பங்கர் பொதுவானது, சண்டை பிடித்தால் நாளைக்கு எங்கே ஓடுவது? குட்டி உள்ளே வராது, நடுப்படியில் இருக்கும் என்று ஒப்பந்தமாயிற்று. நடுப்படி என்றால் என்ன என்று தெரியுமா? தலைக்கு மேலே குற்றியும் இல்லை, சாக்கும் இல்லை. வெளியே குண்டு விழுந்தால் சிதறல் வந்து பாய்கிற வாய் அது. அந்த வாயில்தான் ஒரு பால்குடி மறந்த குட்டியை இருக்கப் பழக்கவேண்டுமாம், சாமி கோபிக்காமல் இருப்பதற்காக.

பழக்கினேன். நடுப்படியில் மீன் தலையை வைத்து, 'இரு' என்றேன். தின்று முடித்ததும் வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு என் காலடிக்கு இறங்கி வரும். திரும்பத் தூக்கி வைப்பேன். சிணுங்கும், மறுபடி வரும். திரும்பவும் தூக்கி வைப்பேன். கெட்டிக்காரக் குட்டி, அதுதான் வினையாகப் போனது. ஒரு மாதம் போனபோது, ஹெலிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நடுப்படியில் குந்திக்கொள்ளும். கீழே எட்டியும் பார்க்காது. எனக்குப் பத்திக்கொண்டு வரும். மாஸ்டர் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

பிறகு ஒருநாள் முற்பகல். அக்கா படலையடியில் கடகத்தை இறக்கி, அம்மாவுக்கு மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஹெலி சுட்டுக்கொண்டே வந்துவிட்டது. "கடகத்தை விட்டிட்டு ஓடிவாரும்!" என்று அம்மா கத்தினார். மூன்று பேரும் ஓடினோம். குட்டி எங்களுக்கு முன்னே ஓடித் தன்ரை படியில் இருந்துவிட்டது. அம்மாவும் நானும் இறங்கி, மாஸ்டருக்கும் மனைவிக்கும் எதிர்ப்பலகையில் இருந்தோம். பின்னால் அக்கா வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டேன். ஒருவரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

நடுப்படியில், குட்டிக்குப் பக்கத்தில், அக்கா குந்தியிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ!"

"காரியமில்லைப் பிள்ளை. என்னிலை மீன் மணக்குது. இதிலை காத்தும் வருது."

மேலே இரும்பை இடிப்பது போலச் சத்தம். கூரை மண் எங்கள் தலையில் கொட்டியது. அம்மாவும் கூப்பிட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். மாஸ்டர் ஒன்றுமே சொல்லவில்லை. 'வா' என்றும் சொல்லவில்லை, 'வராதே' என்றும் சொல்லவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விசர் பிடித்தது போலாகி, குட்டியையாவது கூப்பிட்டேன். வாலை ஆட்டியது. அசையவில்லை. அக்கா அதன் தலைக்கு மேலே கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்துப் பலகையில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்.

அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஹெலி போனதும் அக்கா எழும்பி, காகம் மீனைக் கொத்தமுதல் படலைக்கு ஓடினார். மாஸ்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். குட்டியில் முட்டாமல் கடந்து போய், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியே, ஒரு சொட்டும் அசையேல்லை. நல்லாப் பழக்கிப்போட்டாய் பிள்ளை."

அதோடு என் பொறுமை போய்விட்டது.

"நாயை நான் பழக்கினன், ஓம். அந்த அக்காவை ஆர் மாஸ்டர் பழக்கினது?"

"என்ன கதை கதைக்கிறாய்? நான் அவவை ஏதும் சொன்னனானே?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதைத்தான் கேக்கிறன். அவ குண்டுக்குள்ளை குந்தியிருக்கேக்கை உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையே?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இனிமேல் குட்டியும் உள்ளே வரும், ஒழுங்கையில் நிற்கிற ஆரும் உள்ளே வருவார்கள், விருப்பமில்லை என்றால் எங்கள் பனங்குற்றிகளை நாங்கள் கழற்றி எடுக்கிறோம், அவர் தன்ரை மண் சாக்கை வானத்தில் அடுக்கிக்கொள்ளட்டும் என்று கத்தினேன். கூரை எங்களுடையது என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். "உங்கடை விருப்பம்" என்று சொல்லி, படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த முறை குண்டு போடும் பொம்மர் வந்தபோது அவரும் வந்தார், ஒரு முணுமுணுப்பும் இல்லை. இவ்வளவுதானா இவருடைய ஆசாரம் என்று எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது.

ஆனால் குட்டி உள்ளே வரவில்லை. மீன் தலையைக் காட்டிக் கூப்பிட்டேன். எட்டி வாயில் கவ்விக்கொண்டு போய் நடுப்படியில் வைத்துத் தின்றது. தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தால் உடம்பெல்லாம் நடுங்கியது, கையை விட்டதும் ஏறிப் போய்விட்டது.

அடுத்த கிழமை அக்கா வந்தார். இந்தச் செய்தியைச் சொல்லத்தான் காத்திருந்தேன். படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, இனி ஹெலி வந்தால் நீங்கள் உள்ளுக்குத்தான் வரவேணும். மாஸ்டரோடை கதைச்சாச்சு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அக்கா மீனைத் தெரிந்தெடுத்து அம்மாவின் சட்டியில் போட்டார்.

"குட்டி உள்ளுக்கு வருதோ?"

"இல்லை அக்கா. என்ன செய்தும் வருகுதில்லை. படியிலைதான் போய் இருக்குது."

"அது ஒரு மாதந்தானே பிள்ளை பழகினது" என்றார். கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த படலைக்குப் போனார்.