முத்தம்மா குறி

காலை 6.10. எழும்பூரில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்தபோது என்னிடம் ஒரு பி.காம். பட்டமும், மாமா கொடுத்த இருபது ரூபாயும், நான்கு பிரதி டைப் அடித்த சரக்குப் பட்டியலும் இருந்தன. மாமாவுக்கு மண்ணடியில் ஏற்றுமதி ஏஜென்சி. வருடம் 1978. இலங்கையில் புது அரசாங்கம் வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்திருந்தது. வெகுகாலம் கழித்து மாமாவுக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆர்டர்: முப்பது மூட்டை நெத்திலிக் கருவாடு.

"எண்ணிப் பாரு, குறி போடு, லாரியில ஏத்து. வேற எதுலயும் உன் மூளையக் காட்டாத" என்று மாமா சொல்லி அனுப்பினார்.

குறி என்பது மூட்டையின் மேல் தாரால் போடும் அடையாளம். மூட்டையில் இருக்கும் குறிதான் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒரே குறி. கொஞ்சம் மாறினாலும் துறைமுகத்தில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள், கப்பல் போய்விடும். மாமாவின் குறியை வெட்டிய தகரத் தகடு என் பையில் இருந்தது. பட்டியலில் குறி, எடை என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. மீன் காயவைக்கும் களத்தில் கையால் நிரப்ப வேண்டும்.

8.20. செங்கல்பட்டு. நாலு இட்லி, ஒரு காபி, ஒரு ரூபாய் பத்து பைசா. திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டப் போகிறவர்கள். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு ரூபாய் இருபது பைசா.

"கல்பாக்கமா சார்?" என்றார் கண்டக்டர், என் பெல்பாட்டத்தைப் பார்த்து.

"சதுரங்கப்பட்டினம். கருவாடு எடுக்க."

"கருவாட்டுக்கா இம்மாம் பெரிய பேண்ட்டு? அண்ணாத்த, தெருவு பூரா பெருக்கிகினு போவியே!"

பஸ்ஸே சிரித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சிரித்தது.

10.00. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. அவன் இங்கிருந்து துணி ஏற்றினானாம். நான் கருவாடு ஏற்ற வந்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மணலில் நடந்தேன். செருப்பு புதைந்தது.

பாக்கியத்தின் களம் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. பாக்கியத்துக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தக் குப்பத்துக் கருவாட்டு வியாபாரம் முழுவதும் அவர் கையில். முப்பது மூட்டையும் ஓலைப்பாயில் சுற்றித் தைத்து, அடுக்கித் தயாராக இருந்தன. நெருங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டையின் மேலும் தார் எழுத்தில் ஒரே வாசகம்: முத்தம்மா. தங்கராசு. சதுரங்கப்பட்டினம்.

"யாருங்க முத்தம்மா?"

பாக்கியம் பார்த்தார். இடுப்பிலிருந்து கை இறங்கியது. "அடிப்பாவிங்களா! இன்னாடி இது?"

மூட்டை கட்டிய இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "தார் எழுத்து இருந்திச்சி. எழுத்துன்னா வெளிய தானக்கா இருக்கணும்? அதான் பாயத் திருப்பிப் போட்டுக் கட்டினோம்."

"எழுதனவன் எங்க?"

சவுக்கு மறைவிலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் தார். அவர்தான் தங்கராசு.

"உள்பக்கம்தான் எழுதுனேங்க. வெளிய தெரியவே கூடாதுன்னுதான்" என்றார்.

அவருடைய தமிழ் இந்தக் கரைத் தமிழ் இல்லை. நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் இவர் பெயர் இந்தியா என்று வந்தது. அக்கா முத்தம்மாவின் புருஷனுக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடைத்ததால் அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறி நாலு வருடம். தோட்டம் கைமாறி, அக்கா குடும்பம் எந்தத் தோட்டத்துக்குப் போனதென்று தெரியவில்லை. போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன.

"பாயில எழுதி என்னங்க ஆவப்போவுது?" என்றேன்.

"கருவாடு தோட்டத்துக் கடைக்குத்தாங்க போவும். வித்து முடிச்சா கடைக்காரரு பாயச் சும்மா குடுப்பாரு. லயத்துல, அதாங்க தோட்டத்து வரிசை வீட்டுல, அதத்தான் விரிச்சுப் படுப்போம். அக்காவும் நானும் ஒரே பாயில படுத்திருக்கோம். எந்த லயத்துலயாச்சும் ஒருத்தரு வாசிப்பாங்க. அவளுக்குச் சொல்லுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

11.30. சிக்கல் இதுதான். லாரி மூன்று மணிக்கு வந்துவிடும். பிரித்துத் திருப்பிக் கட்ட நேரம் இல்லை. தையலைப் பிரித்தால் ஓலை கிழியும். பக்கத்தில் மாமாவின் குறியைப் போட்டால் ஒரு மூட்டைக்கு இரண்டு குறியாகிவிடும். பாக்கியம் ஒரு நிமிடம் யோசித்தார்.

"தாரப் பூசி அழிச்சிடு தங்கராசு. மேல இவுரு குறியப் போட்டுக்கட்டும். இந்த ஆர்டரு பூட்ச்சின்னா நாப்பது பொம்பளைங்களுக்குப் பேஜாரு."

தங்கராசு தலையாட்டினார். தார் டின்னில் மட்டையைத் தோய்த்தார். முதல் மூட்டைமுன் உட்கார்ந்தார். கை எழுத்துவரை போய் நின்றது. தார் சொட்டி மணலில் விழுந்துகொண்டிருந்தது.

என் பட்டியலை எடுத்தேன். மூட்டையும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே. மூட்டையைத்தான் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது?

மாமா காட்டாதே என்ற மூளையைக் காட்டினேன். குறி என்ற காலிக் கட்டத்தில், நாலு பிரதியிலும், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன்: முத்தம்மா தங்கராசு சதுரங்கப்பட்டினம்.

பாக்கியம் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, உங்க மாமா ஒத்துக்குவாரா?"

"உதைப்பாரு."

"அப்ப இரு, ரெண்டு மீனு வறுத்துத் தரேன். தின்னுட்டுப் போய் உதை வாங்கு."

மாலை 3.20. லாரி முன்சீட்டில் நான். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் கடற்கரைக் கோயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. திருப்போரூர் வரும்வரை, களத்தில் மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு ஏற்றிவிட்ட தங்கராசுவின் கைதான் கண்ணில் இருந்தது. முப்பதாவது மூட்டையை அவர் விடவே இல்லை. டிரைவர் ஆரன் அடித்த பிறகுதான் விட்டார்.

மாமா உதைக்கவில்லை. பத்து நாள் பேசவில்லை. மூட்டைகள் கப்பல் ஏறிவிட்டன.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அதை நானே எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன். தங்கராசு களத்தில் மீன் புரட்டிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்: சரக்கு நன்றாக விற்றது, மலைநாட்டுக் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், அடுத்து அறுபது மூட்டை அனுப்பவும், முத்தம்மா குறி மட்டும்.

பாக்கியம் கைதட்டினார். தங்கராசு காகிதத்தை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் எழுதலீங்களா?"

"இல்லீங்க."

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "அறுபதா? அப்ப அறுபது லயத்துக்குப் போவும்" என்றபடி தார் டின்னைத் தேடி எழுந்தார்.

என் அக்கா புரசைவாக்கத்தில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு முப்பது பைசா. தீபாவளிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது எழும்பூரில் இறங்கி நேராக அங்கே போனேன். கதவைத் திறந்தவள், "என்னடா, கருவாட்டு நாத்தம்?" என்றாள்.