சுவருக்கு மாலை போட்டவர்

ராமதாஸ் அண்ணனைப் பற்றி யாராவது விசாரித்தால், "ஃபெரியில் கயிறு கட்டியவர்" என்று சொல்லிவிட்டு வளையல் அடுக்கப் போய்விடுவேன். அதற்கு மேல் ஆரம்பித்தால் வியாபாரம் நடந்த மாதிரிதான். இன்றைக்கு மழை. குயின் ஸ்திரீட்டில் ஈ காக்கை இல்லை. அதனால் சொல்கிறேன்.

என் கடை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. நான் கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால்காரி. இந்தத் தீவுக்கு வந்து கடை போட்டுப் பத்து வருஷம்தான் ஆகிறது. இந்தத் தெருவின் கணக்குப்படி நேற்று வந்தவள். கோயில் மணியும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பாங்கும், குவான் யின் கோயில் ஊதுபத்திப் புகையும் ஒரே காற்றில் வந்து சேருகிற இடம் இது. சுற்றுலா வருபவர்கள் லிட்டில் இந்தியா என்கிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. இங்கேயே பிறந்தவர்களே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

ராமதாஸ் அண்ணன் அப்படிப் பிறந்தவர். என் கடைக்கு எதிர்வீட்டு மாடிதான் அவர் பிறந்த இடம். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். கீழே மசாலா மில்; மேலே பலகை தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் எல்லா வீட்டிலும் தும்மல் வருமாம். அண்ணன் பெரியவராகி, கடலைக் கடக்கிற ஃபெரிக் கப்பலில் கயிறு கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நவமணி அக்காவைக் கட்டிக்கொண்டார். அந்த அக்கா சந்து முனையில் உட்கார்ந்து பூ கட்டி விற்றவர். பிள்ளை இல்லை. பழைய வாடகைச் சட்டம் இருந்தவரை காலம் ஓடியது. இரண்டாயிரத்தில் அந்தச் சட்டம் போனதும் வாடகை எகிறியது, தெரு காலியானது. இவர்களும் சாமானைக் கட்டிக்கொண்டு கடலைத் தாண்டி செபராங் ஜெயா ஃபிளாட்டுக்குப் போனார்கள். சில வருஷத்தில் நவமணி அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த வீடு ஹோட்டல். மில் இருந்த இடத்தில் காப்பி விற்கிறார்கள். காப்பி மேல் பூ வரைந்து தருகிறார்கள். அதைக் குடிப்பதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோவிட் அடங்கிய பிறகு, அந்த ஹோட்டலின் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் வரைந்தார்கள். பச்சைப் புடவை, ஒற்றை மூக்குத்தி, குனிந்த தலை, மடியில் மல்லிகைச் சரம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த ராமதாஸ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது நவமணிம்மா! வெள்ளக்காரனுங்க எத்தன பேரு அவள படம் புடிச்சிட்டுப் போனானுங்க தெரியுமா? அதுல ஒண்ணப் பாத்துத்தான் வரஞ்சிருக்கான்."

நான் நவமணி அக்காவைப் பார்த்ததே இல்லை. நம்பினேன். அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் கல்யாணப் படம் கூரை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டிக் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகம் ஒன்றுதான். சாவைப் பதியப் போன இடத்தில், இறந்தவர் ஐசியை ஒப்படைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

"குடுத்துட்டு வெளிய வந்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு, அவ மொகத்தயும் குடுத்துட்டேன்னு."

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, காலையிலேயே வந்துவிடுவார். கோயில் வாசலில் மாலை வாங்கி, என் ஸ்டூலில் ஏறி, தானே அடித்த ஆணியில் மாட்டி, நெற்றியில் குங்குமம் வைப்பார். ஃபிளாட்டில் தண்ணீர் வராததையும் முட்டி வலியையும் அவளிடம் சொல்லுவார். ஹோட்டல்காரர்கள் முதலில் முறைத்தார்கள். மாலையோடு படம் எடுக்கப் பயணிகள் முண்டியடித்ததும் அடங்கிவிட்டார்கள். பக்கத்துக் கடையில் அந்தக் காலத்திலிருந்தே காசு மாற்றும் ஷேக் அலாவுதீன் பாய் மட்டும் அந்த நேரம் பார்த்துப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். அடுத்தவர் சடங்குக்குத் தரும் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பெண் விறுவிறுவென்று சந்துக்குள் வந்து சுவரெதிரே நின்றாள். திரும்பியபோது மூக்கு விடைத்திருந்தது.

"யாருக்கா இந்த மாலயப் போட்டது?"

"அவங்க வீட்டுக்காரர்மா."

"வீட்டுக்காரரா? என் வீட்டுக்காரர் புக்கிட் மெர்தாஜாம்ல லோரி ஓட்டுறாரு லா!"

அவளைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அதே மூக்குத்தி, அதே புருவம்.

அவள் பெயர் மோகனா. வேறொரு தெருவில் சின்னம்மாவின் பூக்கடையில் ஒரு மாதம் ஒத்தாசைக்கு உட்கார்ந்தபோது, வரைகிற பையன் கேட்டுத்தான் படம் எடுத்திருக்கிறான். "உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டுப் பொட்டும் வச்சா எப்படிக்கா? என் மக போன்ல பாத்துட்டு ஒரே அழுக. நேத்து அவரு லோரி எதிர்ல வந்த ஒரு காடியில மோதிருச்சு. அடுத்து என்ன வரப்போவுதோ!"

அந்த நேரம்தான் ராமதாஸ் அண்ணன் புது மாலையோடு சந்துக்குள் நுழைந்தார். மோகனாவைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்புறம் அது வடிந்துவிட்டது. நாங்கள் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மன்னிச்சிரும்மா," என்றார். ஸ்டூலில் ஏறி, பழைய மாலையைக் கழற்றினார். கைக்குட்டையால் குங்குமத்தைத் துடைத்தார். முழுசாகப் போகவில்லை, விடாமல் தேய்த்தார்.

சண்டைக்கு வந்தவளுக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. "எறங்குங்கண்ணே, போதும்," என்றாள். இறங்கியதும் கேட்டாள், "உங்க வீட்டுக்காரம்மா எப்படி இருப்பாங்கண்ணே?"

"அவளா... ஒத்த மூக்குத்தி. புருவம் வந்து..." அவர் சுவரைப் பார்த்தார், மோகனாவைப் பார்த்தார். "இதயே பாத்துப் பாத்து... கண்ண மூடினா உன் மொகந்தாம்மா வருது. அவ மொகம் போயிருச்சு."

பாய் ஏன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அலாவுதீன் பாய் கடைக்குப் போய் அவர் பேப்பரைப் பிடுங்கினேன். "இது அவங்க இல்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே பாய்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? அவ்வளவு ஆசையா நின்னான்."

"இப்ப சொல்லுங்க. அவங்க எப்படி இருந்தாங்கன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

பாய் முனகிக்கொண்டே எழுந்து வந்தார். ராமதாஸ் அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"தாஸு, கேளு. நவமணி உன்னவிட ஒசரம். அதனால நீ எப்பவும் கடவாசல் மேட்டுல ஏறி நடப்ப, அவள ரோட்டுல நடக்க விடுவ. ஞாபகம் இருக்கா? மொகம் நீளம். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. சிரிச்சா கையால வாயப் பொத்திக்குவா. அப்புறம், எடது கன்னத்துல மொளகு மாதிரி ஒரு மச்சம்."

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல பாய்," என்றார்.

"என்ன இல்ல?"

"வலது கன்னம்." அவர் விரல் மெல்ல எழுந்து காற்றில் ஓர் இடத்தைத் தொட்டது. "இங்க."

அப்புறம் சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். பாயும் அழுதார், நானும்தான். காப்பி குடிக்க வந்தவர்கள்கூடப் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

"போதும் அண்ணே, கண்ணத் தொறங்க," என்றேன்.

"வேணாம்மா. தொறந்தா செவுருதான் தெரியும்."

மோகனாதான் அவர் தோளைப் பிடித்து எழுப்பி, ஸ்டூலைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தாள்.